தேனீக் குடும்பத்தின் வாசனை மொழியும் உண்ணிக் கட்டுப்பாடும்

சிறிய அந்தமான் தீவில் வாழும் ஓங்கே மக்கள் மலைத்தேனீயின் அடையிலிருந்து தேன் எடுக்கும் முறை விஞ்ஞானிகளின் கவனத்தை ஈர்த்த ஒன்றாகும். மலைத்தேனீ உயர்ந்த மரக்கிளைகளில் திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டி வாழ்வது. சினங்கொண்டால் கூட்டமாய் வந்து கொட்டுவது. அதனை அணுகுமுன் ஓங்கே மக்கள் காட்டிலுள்ள ஒரு செடியின் இலைகளை வாயிலிட்டு மெல்லுகின்றனர். அச்சாற்றை உடலெங்கும் பூசிக்கொள்கின்றனர். மரத்தின்மீது ஏறி, எஞ்சிய சாற்றை அடையின்மேல் தூறலாக உமிழ்கின்றனர். தேனீக்கள் கொட்ட முற்படாமல் அடையை விட்டு விலகிச் செல்லுகின்றன. சீத்தாமரக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடியின் தாவரவியற் பெயர் ஒரோஃபியா கட்சாலிகா என்பது. நிக்கோபார்த் தொகுதியிலுள்ள கச்சால் தீவின் பெயரை அது தாங்கி நிற்கிறது. இம்முறை பற்றிய ஆராய்ச்சிக் குறிப்பு 1983-இல் தேனீ ஆய்விதழ் ஒன்றில் வெளியாயிற்று.

இச்செய்தியினின்று நாம் அறிய வேண்டியது ஒன்றுண்டு. தேனீயை வலிமையால் அடக்குவது அரிது. ஆனால் வாசனையால் அதனோடு பேச முடியும். தேனீயின் உலகம் பெரும்பாலும் வாசனையால் ஆயது. அந்த உலகத்திற்குள் அழையா விருந்தாளியாய்ப் புகுந்து, தேனீக்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழியை ஒட்டுக்கேட்டுப் பிழைக்கும் ஒரு சிறு ஜந்து உண்டு. அதுவே உண்ணி. இவ்வுண்ணி எவ்வாறு வாசனைக் குறிகளைப் பயன்படுத்துகிறது, அக்குறிகளைக் கொண்டே அதனைக் கட்டுப்படுத்த இயலுமா, களப் பணியாளரும் ஆசிரியரும் இதில் செய்யத்தக்கது யாது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

இருண்ட கூட்டில் பேசப்படும் மொழி

பெட்டியிலோ மரப்பொந்திலோ வாழும் தேனீக் குடும்பத்தில் ஒளி இல்லை. ஆயிரக்கணக்கான தேனீக்கள் இருளில் ஒன்றையொன்று கண்ணால் கண்டறிய வழியில்லை. ஆகவே அவை தம் உடலில் சுரக்கும் இரசாயனப் பொருள்களின் வாயிலாகச் செய்தி பரிமாறுகின்றன. ஓர் உயிர் வெளியிட்டு, அதே இனத்தைச் சேர்ந்த பிறிதோர் உயிரின் நடத்தையை மாற்றும் இத்தகைய பொருளுக்கு 1959-இல் கார்ல்சன், லூஷர் என்னும் இரு விஞ்ஞானிகள் ஃபெரமோன் என்று பெயரிட்டனர். கிரேக்க மொழியில் 'சுமந்து செல்வது', 'தூண்டுவது' என்னும் பொருளுடைய இரு சொற்களின் சேர்க்கை அது. இக்கட்டுரையில் அதனை 'வாசனைக் குறி' என்று வழங்குவோம்.

சில எடுத்துக்காட்டுகள் இதனை விளக்கும். இராணித் தேனீயின் தாடைச் சுரப்பியிலிருந்து வரும் பொருள், 'இராணி இருக்கிறாள்' என்னும் செய்தியைக் குடும்பமெங்கும் பரப்புகிறது. அது நின்றுவிட்டால் சில மணி நேரத்திற்குள் வேலைக்காரத் தேனீக்கள் அமைதி இழக்கின்றன. கொட்டும் தேனீயின் கொடுக்கின் அடியிலிருந்து ஐசோஅமைல் அசிட்டேட் என்னும் பொருள் வெளிவருகிறது. இது அபாய அறிவிப்பு. இதன் மணம் கனிந்த வாழைப்பழத்தின் மணத்தை ஒத்தது என்பதை 1962-இல் வெளியான ஆராய்ச்சி உறுதி செய்தது. பெட்டியருகே வாழைப்பழம் தின்னலாகாது என்று அனுபவமுள்ள தேனீ வளர்ப்போர் கூறுவதற்கு இதுவே காரணம். வழி தவறிய தேனீக்களைக் கூட்டுக்கு அழைக்கும் குறியோ எலுமிச்சம்புல்லின் மணத்தை ஒத்தது. அக்குறியில் அடங்கிய சிட்ரால் எலுமிச்சம்புல் தைலத்திலும் மிகுதியாக உண்டு.

ஒரு மொழி பேசப்படுமிடத்தில் அதனை ஒட்டுக்கேட்பவனும் இருத்தல் கூடும். ஓர் இனம் வெளியிடும் வாசனையை வேறோர் இனம் தன் நன்மைக்குப் பயன்படுத்துமாயின் அவ்வாசனைக்குக் கைரோமோன் என்று பெயர். திருடனுக்கு வழி காட்டும் விளக்கு வீட்டுக்காரன் ஏற்றியதே என்பதுபோல, உண்ணிக்கு வழி காட்டும் வாசனை தேனீ தானே வெளியிடுவது.

உண்ணி யாது? அதனால் விளையும் கேடு யாது?

தேனீக்களைத் தாக்கும் உண்ணிகளுள் நம் நாட்டிற்கு முக்கியமானவை இரண்டு. முதலாவது வர்ரோவா. இது 1904-இல் ஜாவாத் தீவில் அடுக்குத் தேனீயின்மீது கண்டறியப்பட்டு, வர்ரோவா ஜேக்கப்சோனி எனப் பெயர் பெற்றது. இத்தாலியத் தேனீயைத் தாக்கி உலகெங்கும் பரவியது இதனின் வேறான இனம் என்பதை 2000-ஆம் ஆண்டில் ஆண்டர்சன், ட்ரூமன் இருவரும் நிறுவி, அதற்கு வர்ரோவா டெஸ்ட்ரக்டர் என்று பெயரிட்டனர். 'அழிப்பது' என்பது அதன் பொருள். பெண் உண்ணி செம்பழுப்பு நிறமுடையது, நண்டின் ஓடுபோல் அகன்று தட்டையானது, நீளம் 1.1 மில்லிமீட்டர், அகலம் 1.6 மில்லிமீட்டர் அளவினது. அதற்குக் கண் இல்லை. முன்னங்கால்களின் நுனியில் அமைந்த குழி போன்ற உறுப்பினாலேயே அது மணத்தை அறிகிறது. நடக்கும்போது முன்னங்கால்களைக் குருடன் கோல்போல் உயர்த்தி அசைப்பதைப் பூதக்கண்ணாடியில் காணலாம்.

இரண்டாவது ட்ரோபிலேலாப்ஸ். இது மலைத்தேனீயை இயற்கை விருந்தோம்பியாகக் கொண்டது. வர்ரோவாவினும் ஒடுங்கிய உடலும் விரைந்தோடும் இயல்பும் உடையது.

இவ்வுண்ணிகள் தேனீப் புழுவின்மீதும் கூட்டுப்புழுவின்மீதும் தங்கி உணவு கொள்கின்றன. வர்ரோவா தேனீயின் இரத்தத்தை உறிஞ்சுகிறது என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. வளர்ந்த தேனீயின் உடலில் அது முதன்மையாகக் கொழுப்புத் திசுவையே உண்கிறது என்பதை 2019-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அத்திசு தேனீயின் நோயெதிர்ப்புக்கும் ஆயுளுக்கும் இன்றியமையாதது. அன்றியும், உண்ணி ஒரு தேனீயிலிருந்து மற்றொன்றுக்கு வைரஸ்களைக் கொண்டு செல்கிறது. அவற்றுள் கொடியது சிறகுகளைச் சுருங்கச் செய்யும் வைரஸ். சுருங்கிய சிறகுடன் பெட்டியின் வாயிலில் ஊர்ந்து திரியும் இளம் தேனீக்களே பெரும்பாலும் தேனீ வளர்ப்போர் முதலில் காணும் அறிகுறி. அதனைக் காணும்போது குடும்பம் அழிவின் விளிம்பில் நிற்கக்கூடும்.

இது நம் நாட்டின் அனுபவமுமாகும். இத்தாலியத் தேனீயை இந்தியாவில் நிலைபெறச் செய்யும் முயற்சி 1962-இல், அன்று பஞ்சாபைச் சேர்ந்திருந்ததும் இன்று இமாசலப் பிரதேசத்தில் உள்ளதுமான நக்ரோட்டா பக்வானில், ஏ. எஸ். அத்வால் முதலான விஞ்ஞானிகளால் தொடங்கப்பெற்று வெற்றி கண்டது. ஆயின் பத்தாண்டுகள் நிறைவதற்குள், ட்ரோபிலேலாப்ஸ் உண்ணி அக்குடும்பங்களைத் தாக்கியதையும் அதனை அடக்கும் வழிகளையும் பற்றி 1971-இல் அத்வாலும் கோயலும் எழுத நேர்ந்தது. மலைத்தேனீயின் பழைய ஒட்டுண்ணி, புதிதாய் வந்த தேனீயின் கூட்டில் எளிதாகப் புகுந்துகொண்டது.

கதவை மூடச் சொல்லும் குறி

இனி வர்ரோவாவின் வாழ்க்கைச் சுழலைக் கவனிப்போம். பெண் உண்ணி வளர்ந்த தேனீயின் உடலில் சில காலம் தொற்றித் திரிகிறது. முட்டையிட வேண்டுமெனில் அது புழு இருக்கும் அறைக்குள் புகுந்தாக வேண்டும். எந்த அறையில், எப்பொழுது புகுவது என்பதே அதன் உயிர்ப் பிரச்சினை. மிக இளைய புழுவின் அறையில் புகுந்தால் செவிலித் தேனீக்கள் கண்டு அகற்றிவிடும். மெழுகு மூடி இட்டபின் வந்தால் வழி இல்லை. ஆகவே மூடி இடுவதற்குச் சற்று முன்பாக நுழைய வேண்டும். வேலைக்காரத் தேனீயின் அறையில் இதற்குரிய காலம் மூடுமுன் 15 முதல் 20 மணி நேரம். ஆண் தேனீயின் அறையில் 40 முதல் 50 மணி நேரம்.

கண்ணற்ற உண்ணி இக்காலத்தை எவ்வாறு அறிகிறது? இவ்வினாவிற்கு 1989-இல் பிரான்சு நாட்டு விஞ்ஞானி லெ கோந்த்தும் அவருடன் பணியாற்றியவர்களும் விடை அளித்தனர். ஆண் தேனீயின் புழுக்களிலிருந்து பிரித்தெடுத்த மூன்று எளிய எஸ்டர்கள் உண்ணியை ஈர்த்தன. அவை மெத்தில் பால்மிட்டேட், எத்தில் பால்மிட்டேட், மெத்தில் லினோலெனேட் என்பன. கொழுப்பு அமிலமும் சாராயமும் கூடி உண்டாகும் பொருளே எஸ்டர் என்பதை வேதியியல் ஆசிரியர்கள் அறிவர்.

இவ்வகை எஸ்டர்களை ஏன் புழு வெளியிடுகிறது? உண்ணியை அழைப்பதற்கன்று. அடுத்த ஆண்டில் அதே ஆராய்ச்சியாளர்கள் இதனைத் தெளிவாக்கினர். புழு முழு வளர்ச்சி அடைந்ததும் அதன் உடலில் இத்தகைய மெத்தில் எஸ்டர்கள் பெருகுகின்றன. அவ்வாசனையை முகர்ந்த வேலைக்காரத் தேனீ, 'இப்புழுவுக்கு இனி உணவு வேண்டா. அறையை மூடவேண்டும்' என்று உணர்ந்து மெழுகு மூடி இடுகிறது. அஃதாவது, 'என் கதவை மூடுக' என்று குழந்தை செவிலித்தாயிடம் சொல்லும் சொல்லே, 'கதவு மூடப்போகிறது, விரைந்து நுழைக' என்று திருடனுக்கும் கேட்கிறது. ஆண் தேனீயின் புழு இவ்வாசனையை அதிக அளவிலும் நீண்ட நேரமும் வெளியிடுகிறது. ஆகவேதான் உண்ணி ஆண் அறைகளைப் பெரிதும் விரும்புகிறது. இத்தாலியத் தேனீயின் குடும்பத்தில் வேலைக்கார அறையைக் காட்டிலும் ஏறக்குறைய எட்டு மடங்கு மிகுதியாக உண்ணிகள் ஆண் அறையில் புகுவதாகக் கணக்கிட்டுள்ளனர்.

மூடிய அறைக்குள் ஏறத்தாழ மூன்று நாளில் உண்ணி முதல் முட்டையிடுகிறது. அதிலிருந்து ஆண் உண்ணி பிறக்கிறது. பின்னர் சுமார் 30 மணி நேரத்திற்கு ஒரு முட்டையாகப் பெண் உண்ணிகள் பிறக்கின்றன. சகோதரனும் சகோதரிகளும் அவ்வறைக்குள்ளேயே கூடுகின்றனர். தேனீ வெளிவரும்போது முதிர்ந்த பெண் உண்ணிகள் அதனுடன் வெளிவருகின்றன. ஆண் தேனீயின் மூடிய பருவம் வேலைக்காரத் தேனீயின் மூடிய பருவத்தினும் நீண்டதாதலால், ஆண் அறையில் உண்ணியின் பெருக்கமும் அதிகம். வாசனையும் காலமும் இவ்விடத்தில் உண்ணிக்கு ஒரு பக்கமாகவே நிற்கின்றன.

வாசனையை ஆயுதமாக்கும் முயற்சிகள்

பகைவன் எதனை நாடுகிறான் என்பது தெரிந்தால் அவனுக்குப் பொறி வைக்கலாம் அன்றோ? விஞ்ஞானிகளும் அவ்வாறே எண்ணினர். அவர்கள் மேற்கொண்ட வழிகளை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது ஈர்த்தல். எஸ்டர்களைப் பூசிய பொறியால் உண்ணிகளைப் பிடிப்பது. ஆய்வுக் கூடத்தின் கண்ணாடித் தட்டில் நன்கு இயங்கிய இம்முறை, உயிருள்ள கூட்டில் பெரும்பயன் தரவில்லை. ஆயிரக்கணக்கான புழுக்கள் வெளியிடும் வாசனையால் கூட்டின் காற்று ஏற்கெனவே நிறைந்துள்ளது. மேலும், உண்ணி தொலைவிலிருந்து மோப்பம் பிடித்து வருவதில்லை. செவிலித் தேனீ அதனைத் தன் உடலில் சுமந்து அறையின் வாயிலருகே வரும்போதுதான் அது இறங்கிப் புகுகிறது. சந்தைக் கூச்சலின் நடுவே ஒருவர் மட்டும் உரக்கக் கூவினால் எத்துணைப் பேர் திரும்பிப் பார்ப்பர்?

இரண்டாவது விலக்குதல். இராணிப் புழுவின் அறையில் வர்ரோவா புகுவது அரிது. அவ்வறையில் நிறைந்துள்ள இராணிக் கூழின் மணம் உண்ணிக்கு வெறுப்பூட்டுவதே இதற்கு ஒரு காரணம். அதில் அடங்கிய ஆக்டனாயிக் அமிலம் உண்ணியை விலக்குகிறது என்பதை இத்தாலி நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் கண்டனர். இவ்வமிலம் தேங்காயெண்ணெயின் கொழுப்பிலும் ஒரு சிறு பகுதியாக உண்டு. அதனால் தேங்காயெண்ணெயைக் கூட்டில் தடவலாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. எண்ணெய் தேனீயின் மூச்சுத் துளைகளை அடைத்து அதனைக் கொன்றுவிடும்.

மூன்றாவது குழப்புதல். வெளியே பறந்து திரியும் முதிய தேனீயைவிடச் செவிலித் தேனீயையே உண்ணி விரும்பித் தொற்றுகிறது. செவிலியே அதனைப் புழுவிடம் கொண்டு சேர்க்கும். இரண்டையும் அது மணத்தால் வேறுபடுத்துகிறது. முதிய தேனீயின் மணச் சுரப்பியிலுள்ள ஜெரானியால் என்னும் பொருள் உண்ணியை விலக்குவதை 1988-இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் இருவர் காட்டினர். ரோஜா மலரின் மணத்திலும் உள்ள பொருள் அது. 2014-இல் இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் உண்ணியின் மோப்ப உறுப்பைக் குழப்பும் சில பொருள்களைச் சோதித்தனர். அவற்றின் முன்னிலையில் உண்ணி செவிலித் தேனீயை விட்டு முதிய தேனீயை நாடிற்று. அதே ஆண்டில் ஜெர்மனியின் ஹோகன்ஹைம் பல்கலைக்கழகத்தார், பெண் உண்ணி ஆண் உண்ணியை அழைக்கும் வாசனையைக் கொண்டே அவற்றின் கூடலைக் குலைக்க முயன்றதை வெளியிட்டனர்.

நான்காவது இனப்பெருக்கத்தைத் தடுத்தல். உண்ணி புகுந்த அறையிலிருந்து வெளிப்படும் ஹெப்டடெசீன் வகைப் பொருளொன்று, அதிக அளவில் இருக்கும்போது உண்ணி ஈனும் குட்டிகளின் தொகையைக் குறைக்கிறது என்பதும் இத்தாலியில் கண்டறியப்பட்டது.

இவை யாவும் உண்மையான வெற்றிகளே. எனினும் கடையில் ஒரு புட்டி வாங்கி ஊற்றிவிடக்கூடிய எளிய பரிகாரமாக இவை இன்னும் உருப்பெறவில்லை. காரணத்தை மேலே கண்டோம். நாம் பேசுவது தேனீயின் மொழியில். நாம் இடும் குறியை உண்ணி மட்டுமன்றித் தேனீயும் கேட்கிறது. கதவை மூடச் சொல்லும் வாசனையைத் துடைத்துவிட்டால் உண்ணி வழியறியாது திகைக்கும். ஆனால் புழுவின் அறையும் மூடப்படாது போகும். நோயை ஒழிக்க நோயாளியின் நாவை அறுப்பது மருத்துவமாகாது.

ஒட்டுக்கேட்பவன் மாறுவேடம் பூண்டவனுமாவான் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். தேனீயின் மேல்தோலிலுள்ள மெழுகுப் பொருள்களை வர்ரோவா தன் உடலிலும் ஏற்றுக்கொள்கிறது. எந்தத் தேனீயின்மேல் இருக்கிறதோ அதன் மணத்தையே பெறுகிறது. 2015-இல் வெளியான ஆய்வு இதனை உறுதி செய்தது. ஆகவே பெரும்பாலான இத்தாலியத் தேனீக்கள் தம் உடலில் தொற்றியிருக்கும் பகைவனை அயலான் என்று உணர்வதில்லை.

அடுக்குத் தேனீ கற்பிக்கும் பாடம்

வர்ரோவாவுடன் நெடுங்காலம் வாழ்ந்து பழகியது நம் அடுக்குத் தேனீ. அது உண்ணியை ஒழிக்கவில்லை, எல்லைக்குள் நிறுத்தியுள்ளது. உண்ணி தொற்றிய தேனீ உடலை உதறித் தன் தோழிகளை அழைக்கிறது. அவை தாடையால் உண்ணியைப் பற்றி அகற்றுகின்றன. உண்ணி புகுந்த வேலைக்காரப் புழு எளிதில் இறந்துபடுகிறது. இறந்த புழுவின் மணத்தை அறிந்து செவிலிகள் அதனை வெளியேற்றுகின்றன. உடன் உண்ணியின் குலமும் அழிகிறது. ஒரு புழுவின் மரணம் குடும்பத்தைக் காக்கும் இந்நிகழ்ச்சி 2016-இல் விரிவாக எழுதப்பட்டது. ஆண் அறையிலோ, பல உண்ணிகளால் நலிந்த ஆண் தேனீ தன் தடித்த மூடியைத் திறந்து வெளிவர இயலாமல் உள்ளேயே மடிகிறது. தேனீக்கள் அவ்வறையைத் திறப்பதில்லை. உண்ணிகளும் உள்ளேயே புதைபடுகின்றன.

இதன் கருத்து யாது? உண்ணியைக் கட்டுப்படுத்தும் வாசனைக் குறி நெடுங்காலமாகக் கூட்டிற்குள்ளேயே இயங்கி வருகிறது. நோயுற்ற புழுவின் மணத்தைக் கூர்ந்தறிந்து அகற்றும் இயல்பு இத்தாலியத் தேனீயிலும் சில குடும்பங்களுக்கு உண்டு. அவ்வியல்பு மிக்க குடும்பங்களைத் தேர்ந்து, அவற்றின் இராணிகளிலிருந்து இனம் பெருக்குவதே இன்று பல நாடுகளில் மேற்கொள்ளப்படும் வழி. நோயுற்ற புழுவின் மணத்தை ஒத்த கலவையை மூடிய அறைகள்மேல் தெளித்து, எக்குடும்பம் அவற்றை விரைந்து திறக்கிறது என்று பார்க்கும் சோதனையும் அமெரிக்காவில் உருவாகியுள்ளது. வாசனைக் குறி இங்கே உண்ணியைக் கொல்லும் மருந்தாகவன்றி, நல்ல குடும்பத்தைத் தெரிந்தெடுக்கும் உரைகல்லாகப் பயன்படுகிறது.

களப் பணியாளர் செய்யத்தக்கவை

முதற்கண் எண்ணிப் பார்க்க வேண்டும். புழுக்கள் உள்ள அடையிலிருந்து அரைக் கோப்பை அளவு, அதாவது சுமார் 300 வேலைக்காரத் தேனீக்களை, ஒரு கண்ணாடிப் புட்டியில் இடுக. இராணி அவற்றுள் இல்லை என்பதை முன்னரே உறுதி செய்துகொள்க. புட்டியின் வாயைக் கம்பி வலையால் மூடி, இரண்டு மேசைக் கரண்டி பொடித்த சர்க்கரையை வலையின் வழியே தூவி, புட்டியை மெல்ல உருட்டிச் சில நிமிடம் வைத்திருக்க. பின்னர் புட்டியைக் கவிழ்த்து, சிறிது நீர் உள்ள வெண்ணிறத் தட்டின்மேல் குலுக்குக. சர்க்கரை கரைந்ததும் செம்பழுப்பு உண்ணிகள் தெளிவாகத் தெரியும். தேனீக்களைத் திரும்பக் கூட்டில் விட்டுவிடலாம். 100 தேனீக்களுக்கு மூன்று உண்ணிக்கு மேற்படுமாயின் உடனே நடவடிக்கை தேவை என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் பொது விதி.

இரண்டாவதாக, ஆண் அடைப் பொறி. உண்ணி ஆண் புழுவின் வாசனையை விரும்புகிறது என்னும் அறிவின் நேரான பயன் இது. செயற்கை வாசனைக்குப் பதிலாக உயிருள்ள புழுவின் வாசனையையே நாம் பொறியாக்குகிறோம். இத்தாலியத் தேனீக் குடும்பத்தில், புழு அடைகளின் ஓரத்தில் ஆண் அறைகள் கட்டுதற்கேற்ற ஒரு சட்டத்தை வைக்க வேண்டும். இராணி முட்டையிட்டு, அறைகள் மூடப்பட்டதும் அதனை வெளியே எடுத்து அழித்துவிட வேண்டும். முட்டையிட்ட நாளிலிருந்து ஆண் தேனீ வெளிவர 24 நாள் ஆகும். ஆகவே 20 நாளுக்குள் சட்டத்தை எடுப்பது நலம். மறந்து விட்டுவிட்டாலோ, பொறியே உண்ணிப் பண்ணையாகிவிடும். நாட்குறிப்பில் தேதி எழுதி வையாத பணியாளர் இம்முறையை மேற்கொள்ளாதிருப்பதே நன்று. எடுத்த அடையிலுள்ள புழுக்களைக் கோழிகளுக்கு இடலாம். அல்லது ஆழக் குழிதோண்டிப் புதைக்கலாம். குடும்பம் வலிவுடன் ஆண் புழுக்களை வளர்க்கும் பருவத்தில் மட்டுமே இதனைச் செய்தல் வேண்டும்.

மூன்றாவதாக, புழுவில்லாக் காலத்தை உண்டாக்குதல். இராணியைச் சிறு கூண்டில் சுமார் மூன்றரை வாரம் அடைத்து வைத்தால் கூட்டில் புழு இராது. ட்ரோபிலேலாப்ஸ் புழுவை நம்பியே வாழ்வதாதலால் பட்டினியால் மடிகிறது. வர்ரோவா வளர்ந்த தேனீயின்மேல் தங்கி இக்காலத்தைக் கடந்துவிடும். ஆயின் ஒளிய அறையின்றி வெளிப்பட்டு நிற்பதால் ஆக்சாலிக் அமிலம் போன்ற மருந்துக்கு எளிதில் இலக்காகும். ஃபார்மிக் அமிலத்தின் ஆவி மூடிய அறைக்குள்ளும் புகவல்லது. இவ்வமிலங்கள் கையையும் கண்ணையும் மூச்சையும் ஊறு செய்வன. ஆகவே வேளாண்மைப் பல்கலைக்கழகம் அல்லது வேளாண் அறிவியல் நிலையத்தின் அறிவுரைப்படி, உரிய அளவில், கையுறையும் கண்ணாடியும் அணிந்தே கையாள வேண்டும்.

தீவுகளுக்குரிய எச்சரிக்கை

உண்ணிக்குச் சிறகு இல்லை. கடலைத் தானாகக் கடக்காது. ஆனால் கப்பல் அதனைச் சுமக்கும். ஹவாய்த் தீவுகளில் ஒஹாஹு தீவில் 2007-இலும், பெரிய தீவில் 2008-இலும் வர்ரோவா காணப்பட்டது. அதற்குமுன் பத்தில் ஒரு குடும்பத்தில் மட்டும் காணப்பட்ட சிறகு சுருங்கும் வைரஸ், உண்ணி பரவிய இடங்களில் ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களையும் பற்றியது என்பதை 2012-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. நெடுங்காலம் வர்ரோவா டெஸ்ட்ரக்டரை அண்டவிடாத ஆஸ்திரேலியாவில், 2022 ஜூனில் நியூகாசில் துறைமுகத்துக் காவற் பெட்டிகளில் அது கண்டுபிடிக்கப்பட்டது. பதினாயிரக்கணக்கான குடும்பங்கள் அழிக்கப்பட்டும் ஒழிக்க இயலாமையால், 2023 செப்டம்பரில் ஒழிப்பு முயற்சி கைவிடப்பட்டது. ஒருமுறை நுழைந்த உண்ணியை வெளியேற்றுவது எத்துணை அரிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் சென்னையிலிருந்து கடல்வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. இத்தொலைவே இயற்கை அமைத்த மதில். தேனீ வளர்ப்பில் ஆர்வங்கொண்டு எவரேனும் பெருநிலத்திலிருந்து பெட்டியுடன் குடும்பங்களைக் கொணர விரும்பினால், களப் பணியாளர் முதலில் கேட்கவேண்டிய வினா, 'தேன் எவ்வளவு கிடைக்கும்?' என்பதன்று, 'உண்ணிச் சோதனை நடந்ததா?' என்பதே. பழைய அடைகளையும் உபயோகித்த பெட்டிகளையும் தீவுக்குத் தீவு மாற்றலாகாது. துறைமுகத்திலோ சரக்குப் பெட்டியிலோ அயல் தேனீத் திரளைக் கண்டால் உடனே வேளாண்மைத் துறைக்கு அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு பணியாளரும் தம் பகுதியிலுள்ள தேனீக் குடும்பங்களைச் சோதித்துத் தேதியுடன் பதிவு செய்து வைப்பாராயின், பின்னாளில் நேரும் மாற்றத்தை உடனே அறியலாம்.

தீவுவாசிகள் கொசுத்தேனீயை வளர்ப்பதற்கு இவ்வகையில் ஒரு நன்மையும் உண்டு. கொடுக்கற்ற இச்சிறு தேனீயை வர்ரோவா தாக்குவதில்லை. தென்னை, பாக்குத் தோட்டங்களின் அருகே பானையிலும் மூங்கிலிலும் சிறு பெட்டியிலும் இதனை வளர்க்கலாம்.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் தேனீப் பெட்டி இன்றியே இப்பாடத்தைக் கற்பிக்கலாம். ஒரே அளவான சிறு தகர டப்பாக்களில் கற்பூரம், கிராம்பு, எலுமிச்சம்புல், ஏலக்காய் ஆகியவற்றை இவ்விரண்டு டப்பாக்களில் ஒன்றாக இட்டு மூடி, மூடியில் துளையிடுக. மாணவர்களின் கண்களைக் கட்டி, ஆளுக்கொரு டப்பாவைக் கொடுத்து, பேசாமல் மோப்பத்தால் மட்டுமே தத்தம் இணையைக் கண்டுபிடிக்கச் சொல்லுக. பின்னர் இணையில்லாத ஒரு மாணவனை 'உண்ணி' ஆக்கி, அவனும் ஓர் இணையைத் தேடி ஒட்டிக்கொள்ளச் செய்க. மற்றவர்களுக்கு உதவும் அதே மணமே அவனுக்கும் உதவுவதை மாணவர் தாமே உணர்வர். பிறகு அறையின் நடுவே ஊதுவத்தி ஏற்றி விளையாட்டை மீண்டும் நடத்துக. உண்ணி மட்டுமன்றி அனைவரும் தடுமாறுவர். விஞ்ஞானிகள் எதிர்ப்படும் இடர்ப்பாட்டை இதனினும் தெளிவாக விளக்குவது கடினம்.

ஓங்கே மக்களின் முறையைக் கூறும்போது, அது பல தலைமுறைகள் கூர்ந்து நோக்கிப் பெற்ற அறிவு என்பதை மாணவர் மனத்தில் பதியச் செய்ய வேண்டும். 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி அவர்தம் காப்பகத்திற்குள் அனுமதியின்றிச் செல்வது குற்றமாதலால், செடியைத் தேடிச் செல்லும் ஆவலை ஊட்டலாகாது.

முடிவாக, நினைவிற் கொள்ள வேண்டியது இது. தேனீக் குடும்பத்தில் வாசனை என்பது அலங்காரம் அன்று. அதுவே ஆட்சி, அதுவே காவல், அதுவே தாய்மொழி. உண்ணி அம்மொழியைக் கற்றுக்கொண்டதனால் வாழ்கிறது. நாமும் அதனைக் கற்றுக்கொண்டால், நஞ்சைக் குறைத்துப் பொறுமையைக் கூட்டி, கூட்டைக் காக்க இயலும். அதுவரை, எண்ணிப் பார்த்தலும், தேதி தவறாமையும், சோதியாத பெட்டியைக் கரை ஏற்றாமையுமே நம் கையிலுள்ள சிறந்த மருந்துகள்.

பயிற்சி வினாக்கள்

1. ஃபெரமோன், கைரோமோன் இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைத் தேனீப் புழுவின் எஸ்டர்களைக் கொண்டு விளக்குக.

2. உண்ணி ஆண் அறையை மிகுதியாக நாடுவதற்குரிய காரணங்கள் யாவை? அதனால் அதற்குக் கிடைக்கும் நன்மை யாது?

3. ஆய்வுக் கூடத்தில் வெற்றி பெற்ற ஈர்ப்புப் பொறி கூட்டிற்குள் ஏன் பயன் தரவில்லை?

4. ஆண் அடைச் சட்டத்தை 25-ஆம் நாளில் எடுத்தால் நேரும் தீங்கு யாது?

5. உங்கள் தீவுக்கு ஒருவர் பெருநிலத்திலிருந்து ஐந்து தேனீப் பெட்டிகள் கொணர விரும்புகிறார். அவரிடம் நீங்கள் கேட்கும் முதல் மூன்று வினாக்களை எழுதுக.